பூட்டுவதற்கு முன்னால் மூடுவோம்



ஊருக்குப் போவது என்றால் நமக்கு எத்தனை வேலை! பொங்கலுக்குத் தாய்வீடு, ஆடியில் குலதெய்வம் கோயில், மே மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு, மகளுக்குப் பேறுகாலம், தைப்பூசத்துக்குப் பழநி, செப்டம்பரில் வேளாங்கண்ணி என்று வருடத்தில் நாலைந்து தடவையாவது வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறோம். துணிமணி எடுத்து வைக்க வேண்டும். பலகாரம் கட்ட வேண்டும். ஆட்டையும் கோழியையும் பக்கத்து வீட்டில் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஓடுகிறோம்.

பூட்டு எதற்கு? வெளியே இருக்கிற திருடன் உள்ளே வராமல் இருக்க. ஆனால் வீட்டுக்கு உள்ளேயே நாம் விட்டுவிட்டுப் போகிற இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று கேஸ், இன்னொன்று தண்ணீர். இரண்டுமே ஆள் இருக்கும்போது உதவி செய்யும், ஆள் இல்லாதபோது கவனிக்காவிட்டால் உபத்திரவம் செய்யும்.

குழுக் கூட்டங்களில் நாங்கள் இதைப் பற்றிக் கேட்டபோது உறுப்பினர்கள் சொன்ன பதில் பெரும்பாலும் இரண்டுதான். "அடுப்பை அணைச்சிட்டுத்தானே போறோம், அப்புறம் என்ன?" என்பது ஒன்று. "பைப்புல தண்ணியே வரலையே, எதை மூடுறது?" என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விதான். ஆனால் ஆபத்தும் நஷ்டமும் அந்த இரண்டு கேள்விக்குள்ளேயேதான் இருக்கின்றன. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடுப்பை அணைத்தால் போதாதா?

போதாது. ஏன் என்று சொல்கிறோம்.

விறகு அடுப்பை மறந்துவிட்டுப் போனால் விறகு எரிந்து தீர்ந்து சாம்பலாகிவிடும். கேஸ் அப்படி இல்லை. அடுப்பில் நெருப்பு இல்லாவிட்டாலும் சிலிண்டருக்குள் கேஸ் அழுத்தத்தோடு காத்துக்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் 2007-ல் தொடங்கிய இலவச கேஸ் அடுப்புத் திட்டத்தாலும், 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தாலும் எத்தனையோ வீடுகளில் முதல் தடவையாக கேஸ் வந்தது. புகை போனது, கண் எரிச்சல் போனது. ஆனால் விறகு அடுப்புப் பழக்கம் மட்டும் நம் கையை விட்டுப் போகவில்லை. தீ அணைந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

அடுப்புத் திருகை மட்டும் மூடி, ரெகுலேட்டரைத் திறந்தே விட்டுப் போனால் என்ன ஆகும்? சிலிண்டரிலிருந்து அடுப்பு வரைக்கும் டியூப் முழுக்க கேஸ் நிறைந்து நிற்கும். பூட்டிய வீட்டில் நடமாட்டம் இல்லாததால் எலிக்குக் கொண்டாட்டம். அது ரப்பர் டியூபைக் கடித்தால் கேஸ் கசியும். பழைய டியூபாக இருந்தால் எலி கூட வேண்டாம், வெடிப்பு விட்ட இடமே போதும். அடுப்புத் திருகு தேய்ந்து லூசாக இருந்தாலும் கசியும்.

வீட்டில் ஆள் இருந்தால் வாடை வந்த உடனே கவனித்துவிடுவோம். கேஸுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டை மாதிரி நாற்றமடிக்கும் மருந்தை அதில் கலந்து அனுப்புகிறார்கள். பூட்டிய வீட்டில் அந்த வாடையைப் பிடிக்க மூக்கு ஏது?

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ள வேண்டும். கேஸ் காற்றை விடக் கனமானது. புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு தரையாகப் பரவி, பள்ளமான இடத்திலும் மூலையிலும் தேங்கி நிற்கும். ஜன்னலும் மூடியிருந்தால் வெளியே போக வழியில்லை. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே ஒரு பொறி போதும், தீப்பிடித்துவிடும். எட்டடிக்கு எட்டடி சமையல் அறைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால், சுமார் 600 கிராம் கேஸ் போதும். முழு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ! பத்து நாள் மெதுவாகக் கசிந்தால் எவ்வளவு சேரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ரெகுலேட்டர் என்ன வேலை செய்கிறது?

சிலிண்டர் வாய்க்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு அடைப்பான் இருக்கிறது. ரெகுலேட்டர் திருகை "ஆன்" பக்கம் திருப்பினால் அது அந்த அடைப்பானை அமுக்கித் திறக்கும். "ஆஃப்" பக்கம் திருப்பினால் ஸ்பிரிங் மேலே வந்து வாயை அடைத்துக்கொள்ளும். அதாவது அடுப்புத் திருகு என்பது தெருமுனைக் குழாய் மாதிரி. ரெகுலேட்டர் என்பது மேல்நிலைத் தொட்டியின் வால்வு மாதிரி. தொட்டியிலேயே அடைத்துவிட்டால் நடுவில் பைப்பு உடைந்தாலும் பயமில்லை.

கிளம்பும் அன்று கடைசியாக காபியோ கஞ்சியோ வைக்கிறோம் இல்லையா? அதை இறக்கும் நேரத்தில் அடுப்புத் திருகைத் தொடாதீர்கள். முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். டியூபில் மிச்சம் இருக்கிற கேஸ் எரிந்து முடிந்து அடுப்பு தானாக அணையும். அது அணைந்த பிறகு அடுப்புத் திருகையும் மறக்காமல் மூடுங்கள். இதைச் செய்தால் டியூபில் கேஸ் தங்காது. அப்புறம் எலி கடித்தாலும் டியூப் செலவோடு போகும்.

ஒரு நாள், இரண்டு நாள் வெளியூர் போவதென்றால் இதுவே போதும். ஒரு வாரம், பத்து நாள், அல்லது வேலைக்காகக் குடும்பத்தோடு மாதக் கணக்கில் போவதென்றால் ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். திருகை "ஆஃப்" செய்து, ரெகுலேட்டரின் அடிவளையத்தை மேலே தூக்கிப் பிடித்து எடுத்தால் கழன்று வரும். பிறகு சிலிண்டரோடு நூலில் கட்டித் தொங்குகிற மூடியை வாயில் வைத்து "டக்" என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். அந்த மூடியைச் சிலர் அறுத்துப் போட்டுவிடுகிறோம், பிள்ளைகள் விளையாட எடுத்துவிடுகிறார்கள். அது விளையாட்டுச் சாமான் இல்லை, சிலிண்டருக்கு இரண்டாவது பூட்டு. கழற்றி மாட்டப் பழக்கமில்லை என்றால் அடுத்த தடவை சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் முன்னாலேயே நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள்.

டியூபையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி வைத்த ஆரஞ்சு நிற டியூப் எலிக்கு எளிதில் மசியாது. அதற்கும் ஐந்து வருடம்தான் ஆயுள். கசிவு இருக்கிறதா என்று சந்தேகமா? சோப்புத் தண்ணீரைக் கலக்கி டியூபிலும் ரெகுலேட்டர் சேரும் இடத்திலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது. இந்தச் சோதனையைக் கிளம்புகிற அன்று வைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு நாள் முன்னாலேயே செய்துவிடுங்கள்.

சிலிண்டரை ஒளித்து வைக்கலாமா?

"திருட்டுப் போயிடும்" என்று பயந்து சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்துச் சாக்குப் போட்டு மூடுகிறவர்களும் உண்டு. இது மிகவும் தவறு. சிலிண்டருக்குள் கீழே இருப்பது திரவம், மேலே இருப்பதுதான் வாயு. நிமிர்த்தி வைத்தால் வாய்ப் பக்கம் வாயு மட்டும் நிற்கும். படுக்க வைத்தால் திரவமே வாய்க்கு வந்துவிடும். அது கசிந்தால் ஒரு பங்கு திரவம் சுமார் 250 பங்கு வாயுவாக விரியும். அதனால் சிலிண்டர் எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும், காற்று வருகிற இடத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று சாமி படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றி வைத்துவிட்டு அப்படியே கதவைப் பூட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கும்பிட்டு முடிந்ததும் விளக்கைக் குளிர வைத்துவிட்டே கிளம்புவோம். ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். விறகு அடுப்பு உள்ள வீட்டில் கங்கைச் சாம்பலால் மூடினால் போதாது, தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். கூரை வீடாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தண்ணீர் வராத பைப்பை ஏன் மூட வேண்டும்?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். நம் ஊரில் தண்ணீர் எப்போதும் வருவதில்லை. பைப்பைத் திறந்து பார்ப்போம், வராது. "வரும்போது வரட்டும்" என்று அடியில் குடத்தை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவோம். அதே நினைப்பில் ஊருக்கும் போய்விட்டால்? மறுநாள் காலையில் டேங்க் ஆபரேட்டர் தண்ணீர் திறந்து விடுவார். பூட்டிய வீட்டுக்குள் பைப்பு கொட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு குடம் நிறைய ஒன்றரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 லிட்டர். இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டால் 1,200 லிட்டர். 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் நாம் மூடாமல் போன ஒரு பைப்பு, ஒரே நாளில் 20 பேருக்கு மேல் போதுமான தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறது. அதே நேரத்தில் மேட்டுத் தெருவில் நம் குழுச் சகோதரி ஒருத்தி காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருப்பாள். தண்ணீருக்காக நாம் ஊராட்சியில் எத்தனை மனு கொடுத்திருக்கிறோம்! கிராம சபையில் எத்தனை தடவை எழுந்து பேசியிருக்கிறோம்! அந்தத் தண்ணீர் நம் வீட்டிலேயே வீணாகலாமா?

நஷ்டம் ஊருக்கு மட்டுமில்லை. மண் சுவர் வீடாக இருந்தால் அஸ்திவாரம் ஊறிவிடும். மூட்டையில் வைத்த நெல்லும் உளுந்தும் நனைந்து முளைத்துவிடும். குழுக் கடன் வாங்கிச் சேர்த்த சரக்கு, தையல் துணி, அப்பளம், ஊறுகாய் எல்லாம் தரையில் இருந்தால் என்ன கதி?

சொட்டுகிற பைப்பையும் சும்மா விடக் கூடாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்குக் குறையாது. பத்து நாளில் மூன்று குடம் போய்விடும். ரப்பர் வாசர் தேய்ந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். சில ரூபாயில் மாற்றிவிடலாம்.

எதை எதை மூடுவது?

வீட்டுக்கு வரும் பைப்பில் வால்வு இருந்தால் முதலில் அதை மூடுங்கள். பிறகு வீட்டில், குளியலறையில், கக்கூஸில், கொல்லையில் இருக்கிற எல்லா பைப்பையும் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் கையால் திருகிப் பாருங்கள். மொட்டை மாடியில் டேங்க் இருந்தால் அதிலிருந்து இறங்கும் பைப்பின் கேட் வால்வை மூடிவிடுங்கள். வருடக் கணக்கில் தொடாமல் விட்டால் வால்வு துருப்பிடித்து இறுகிவிடும். அதனால் மாதத்துக்கு ஒரு தடவை மூடித் திறந்து பழக்குங்கள்.

மோட்டார் வைத்திருக்கிறவர்கள் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. கரண்ட் வந்தால் தானாக ஓடும்படி "ஆட்டோ" வைத்திருந்தால் அதை நிறுத்துங்கள். இல்லையென்றால் நாம் கோயிலில் இருக்கும்போது மோட்டார் இங்கே ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீரும் போகும், தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரும் போகும்.

தேங்கி நிற்கும் தண்ணீரை என்ன செய்வது?

"வந்ததும் தண்ணிக்கு எங்கே போறது?" என்று தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டுப் போகிறோம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டெங்கு காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் வளராது, இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். நாம் ஊருக்குப் போய்விட்டு வருகிற நாளும் அதேதான்! நாம் திரும்பும்போது வீட்டில் ஒரு கொசுப் பண்ணையே தயாராக இருக்கும். இந்தக் கொசு பகலில் கடிக்கும்.

அதனால் சின்னப் பாத்திரங்களைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீரைச் செடிக்கோ தென்னைக்கோ ஊற்றுங்கள். பெரிய டிரம்மில் தண்ணீர் வேண்டுமென்றால் வாயில் துணி போட்டு இறுகக் கட்டுங்கள். ஆட்டுக்கல் குழி, கொட்டாங்கச்சி, பழைய டயர் எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் சுற்றுச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் காய்ந்து கிடந்தாலும், திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும்.

திரும்பி வந்ததும் முதலில் என்ன?

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி. பயணம் முடிந்து இருட்டில் வருகிறோம். பிள்ளை தோளில் தூங்குகிறது, கையில் மூட்டை. கதவைத் திறந்ததும் நம் கை தானாக எங்கே போகும்? லைட் ஸ்விட்சுக்குத்தான். வீட்டுக்குள் கேஸ் தேங்கி நின்றால் ஸ்விட்சில் வருகிற சின்னப் பொறி ஒன்றே போதும். எப்போதும் முதலில் உள்ளே போகிறவர் யார்? நாம்தான்.

அதனால் ஒரு சின்ன விதி: முதலில் மூக்கு, அப்புறம்தான் ஸ்விட்ச்!

கதவைத் திறந்ததும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் வாசலிலேயே நிறுத்துங்கள். வாசலில் நின்றபடியே கொஞ்சம் குனிந்து முகர்ந்து பாருங்கள். கேஸ் தரையோடுதானே இருக்கும்! சளி பிடித்திருந்தால் வாடை தெரியாது, வேறு ஒருவரை முகரச் சொல்லுங்கள். வாடை இல்லையென்றால் கதவு ஜன்னலைத் திறந்து, கொஞ்சம் காற்றோட்டம் வந்த பிறகு லைட்டைப் போடுங்கள்.

வாடை வந்தால் பதற வேண்டாம். எந்த ஸ்விட்சையும் போடாதீர்கள், எரிகிற லைட்டை அணைக்கவும் செய்யாதீர்கள். இரண்டிலும் பொறி வரும். தீக்குச்சி, விளக்கு, பீடி எதுவும் அருகில் வரக் கூடாது. செல்போனையும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். கதவு ஜன்னலை அகலத் திறந்துவிடுங்கள். ரெகுலேட்டரை மூட முடிந்தால் மூடுங்கள், வாடை பலமாக இருந்தால் உள்ளே போகவே வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து, தூரத்தில் நின்று 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இருக்கிற எண் இது, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தீப்பிடித்துவிட்டால் 101, தீயணைப்பு நிலையம்.

வந்த மறுநாள், பைப்பில் தேங்கிக் கிடந்த பழைய தண்ணீரைக் கொஞ்ச நேரம் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள். அதன் பிறகு வருகிற தண்ணீரைக் குடிக்கப் பிடியுங்கள்.

மாமியாரை விட்டுவிட்டுப் போகிறீர்களா?

பல வீடுகளில் எல்லோரும் கிளம்பினாலும் வயதானவர் ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள இருந்துவிடுவார். "அவங்களுக்கு கேஸ் தொடத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பசித்தால் தொடத்தான் செய்வார்கள். ரெகுலேட்டரை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று நாலு தடவை கையில் பிடித்துச் செய்யச் சொல்லுங்கள். முடியாது என்றால் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

இத்தனை வேலையும் பெண் தலையில்தானா என்று நீங்கள் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. வேண்டாம், பிரித்துக் கொடுங்கள். கேஸ் நம்முடையது என்றால் மோட்டாரும் மாடி டேங்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. பைப்புகளைத் திருகிப் பார்ப்பது பிள்ளைகள் வேலை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த வேலை கொடுத்துப் பாருங்கள், நம்மை விடக் கவனமாகச் செய்யும்.

குழுவில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஊருக்குப் போகிற உறுப்பினர், போகும் நாளையும் வரும் நாளையும் ஊக்குநரிடமோ பக்கத்து வீட்டு உறுப்பினரிடமோ சொல்லிவிட்டுப் போகட்டும். நம்பிக்கையானவரிடம் ஒரு சாவி இருக்கட்டும். அவர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வாசல் பக்கம் வந்து, தண்ணீர் வழிகிறதா, வாடை வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனால் போதும். பணத்தை நம்பிக் கொடுத்து வாங்குகிற நமக்கு, ஒரு சாவியை நம்பிக் கொடுப்பது பெரிய காரியமா?

கீழே இருப்பதை ஒரு அட்டையில் எழுதி, கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்:

1. ரெகுலேட்டர் மூடியாச்சா? அடுப்புத் திருகு மூடியாச்சா?
2. அதிக நாள் என்றால், ரெகுலேட்டர் கழற்றி மூடி போட்டாச்சா?
3. சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறதா?
4. சாமி விளக்கு, ஊதுவத்தி, அடுப்புக் கங்கு அணைந்ததா?
5. எல்லா பைப்பும், டேங்க் வால்வும் மூடியாச்சா?
6. மோட்டார், ஆட்டோ ஸ்விட்ச் நிறுத்தியாச்சா?
7. குடம், வாளி கவிழ்த்தாச்சா? டிரம் வாய் கட்டியாச்சா?
8. சாவியும் தகவலும் குழுவில் சொல்லியாச்சா?

எட்டும் சரி என்றால் பூட்டைப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும், பைசா செலவில்லை. திருவிழாவில் நிற்கும்போது "ஐயோ, கேஸை மூடினேனா இல்லையா?" என்று மனசு அடித்துக்கொள்ளாது. நிம்மதியாகச் சாமி கும்பிடலாம், பேரப்பிள்ளையைக் கொஞ்சலாம்.

எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு இதை அடுத்த கூட்டத்தில் ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். ரெகுலேட்டர் கழற்றி மாட்டுவதை ஒரு வீட்டில் எல்லோரும் சேர்ந்து பழகிப் பாருங்கள்.

முதலில் மூடுவோம், பிறகு பூட்டுவோம்!
முதலில் மூக்கு, பிறகுதான் ஸ்விட்ச்!